செவலையின் மடியில் ஒரு கோலிக்குண்டு

வாசகி கேள்வி:

டாக்டர் சாருக்கு வணக்கம். நாங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் செவலைக்கு ஒன்பது வயது. பெண், நாட்டு நாய். ஒரே ஒரு முறை குட்டி போட்டிருக்கிறாள், கருத்தடை செய்யவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தபோது, இடது பக்கம் கடைசிக்கு முந்திய காம்புக்கு அருகில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இப்போது கோலிக்குண்டு அளவு இருக்கிறது. அழுத்தினால் வலிக்கிற மாதிரி தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், ராத்திரி முழுக்கக் குரைக்கிறாள். விலாவிலும் மெத்தென்று ஒரு கட்டி இரண்டு வருடமாக உண்டு. அதை ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கொழுப்புதான் என்றார். புதுக் கட்டிக்கு என் மாமியார் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடுகிறார். "கத்தி வைத்தால் பரவிவிடும், தொடாதே" என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். இது கேன்சரா? இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குவாளா? நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா? செவலையின் மகள் என் அக்கா வீட்டில் வளர்கிறாள். அவளுக்கும் வருமா?

பதில்:

அம்மா, வணக்கம். முதல் வேலையாக அந்தச் சுண்ணாம்பைக் கழுவிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் போதும், தேய்க்க வேண்டாம். மாமியாரைக் குறை சொல்லவில்லை. சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் அவர்கள் காலத்தில் அதுதான் மருந்து. ஆனால் மடித் தோல் மெல்லிசு, சுண்ணாம்பு அதைப் புண்ணாக்கும். செவலை அதை நக்குவாள், நாக்கும் வெந்துபோகும். இன்னொரு சங்கடமும் உண்டு. தோல் சிவந்து வீங்கியிருந்தால், அது கட்டியால் வந்த சிவப்பா சுண்ணாம்பால் வந்த சிவப்பா என்று பார்க்கிற மருத்துவருக்குத் தெரியாது. புண்ணான தோலில் கத்தி வைக்கவும் யோசிப்பார். தோல் ஆறட்டும் என்று பத்து நாள் போய்விடும். அந்தப் பத்து நாளை நாம் வீணாக்க வேண்டாம்.

இது கேன்சரா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. செவலையை என் மேசை மேல் ஏற்றி, கட்டியை என் விரலுக்கிடையில் பிடித்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

பதினைந்து வருடம் இருக்கும். ஒரு லேப்ரடார், ஏழு வயது, தொடையில் எலுமிச்சை அளவு கட்டி. அழுத்தினேன். மெத்தென்று இருந்தது, தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கொழுப்புக் கட்டி எப்படி இருக்கும் என்று கல்லூரியில் படித்தேனோ அச்சு அசல் அப்படியே. "கொழுப்புதான், விடுங்க" என்று அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து மறுபடி கொண்டுவந்தார்கள். "டாக்டர், இது ஒரு நாள் பெரிசாகுது, ஒரு நாள் சுருங்குது. ஒரு வாரமா தார் மாதிரி கருப்பா வெளியே போறான்" என்றார் அந்த மனிதர். அதைக் கேட்டதுமே வயிற்றைப் பிசைந்தது. ஊசி போட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். உருண்டை உருண்டையான செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகை வாரி இறைத்த மாதிரி ஊதாப் புள்ளிகள். மாஸ்ட் செல் கட்டி, தோலில் வரும் ஒரு வகைப் புற்று. அந்தப் புள்ளிகளுக்குள் ஹிஸ்டமின் இருக்கும். கட்டியைத் தொட்டாலும் அழுத்தினாலும் அது கசிந்து கட்டி வீங்கும், பிறகு வடியும். ரத்தத்தில் கலந்தால் வயிற்றில் அமிலம் கூடிப் புண் வரும். அதுதான் தார் நிற மலம். அகலமாக வெட்டி எடுத்தோம், ஆனால் தொடை இடுக்கில் ஏற்கெனவே நெறி கட்டியிருந்தது. அந்த வருடத்தைக்கூட அவன் தாண்டவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கையால் மட்டும் தொட்டு எந்தக் கட்டிக்கும் நான் பெயர் வைப்பதில்லை. கட்டி பட்டாணி அளவைத் தாண்டிவிட்டதா, ஒரு மாதமாகியும் போகவில்லையா, அப்படியானால் ஊசி. பல நாடுகளிலும் கால்நடை மருத்துவர்கள் இன்று ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் கட்டி நல்லது என்பதற்கு அது சாட்சி ஆகாது. சீழ்க்கட்டிதான் முதல் நாளே வலிக்கும். புற்று பெரும்பாலும் சத்தமில்லாமல் வளரும்.

ஊசி என்றதும் பயந்துவிடாதீர்கள். தடுப்பூசி போடுகிற அளவில் மெல்லிய ஊசிதான். மயக்க மருந்து வேண்டாம். கட்டியை இரண்டு விரலில் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, முன்னும் பின்னுமாக நாலைந்து முறை அசைத்து வெளியே எடுப்போம். ஊசித் துளைக்குள் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கும். சிரிஞ்சில் காற்றை நிரப்பி அதைக் கண்ணாடிச் சில்லில் பீய்ச்சி, இன்னொரு சில்லால் இழுத்துவிடுவோம். நாய்க்கு அரை நிமிட வேலை. பல நாய்கள் அந்த நேரத்தில் பிஸ்கட் தின்றுகொண்டு நிற்கும்.

விலாவில் இருக்கும் பழைய கட்டிக்கும் இதையே செய்யச் சொல்லுங்கள். அந்த மருத்துவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வயதான, கொஞ்சம் சதை போட்ட நாய்களுக்கு விலாவிலும் மார்பிலும் கொழுப்புக் கட்டி வருவது சர்வ சாதாரணம். அதை உறுதிப்படுத்துவதும் எளிது. கொழுப்பாக இருந்தால் கண்ணாடிச் சில்லில் எண்ணெய்த் துளி போல நிற்கும், எத்தனை நேரம் வைத்தாலும் காயாது. நடைக்கு இடைஞ்சல் இல்லாத கொழுப்புக் கட்டியை அப்படியே விட்டுவிடலாம். ஒரு அறுவை மிச்சம்.

மடியில் இருக்கும் கட்டி வேறு கதை. அதைத்தான் நீங்கள் தள்ளிப்போடக் கூடாது.

பெண் நாய்க்குப் பெரும்பாலும் ஐந்து ஜோடி காம்பு. பின்னால் இருக்கும் இரண்டு ஜோடிகளில்தான் பால் சுரக்கும் திசு அதிகம், கட்டி வருவதும் அங்கேதான் அதிகம். செவலைக்கு வந்திருக்கும் இடம் அதுதான். ஒன்பது வயது, கருத்தடை செய்யாதவள். எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி தீங்கற்றவை, பாதி புற்று. அந்தப் புற்றிலும் ஏறக்குறைய பாதிதான் வேறு இடத்துக்குப் பரவும். ஆக, நாலில் மூன்று பங்கு நாய்களை நேரத்தோடு அறுவை செய்தால் கட்டியோடு பிரச்சினை முடிந்துவிட வாய்ப்பிருக்கிறது. இதை உங்கள் தெருவில் சொல்லுங்கள்.

மடிக்கட்டிக்கும் ஊசி போடுவோம், ஆனால் அது கடைசித் தீர்ப்பு ஆகாது. ஒரே கட்டியில் ஒரு மூலை சாதுவாகவும் இன்னொரு மூலை புற்றாகவும் இருக்கும். ஊசி எந்த மூலையில் இறங்கியதோ அதைத்தான் காட்டும். சீழா, வெறும் பால் கட்டா, வேறு வகைக் கட்டியா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். மிச்சத்தைக் கட்டியை முழுசாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை: செவலை கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள்? பருவம் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் சில பெண் நாய்களுக்குப் பொய்ச்சினை வரும். வயிற்றில் குட்டி இருக்காது, ஆனால் மடி பெருக்கும், பால்கூடக் கசியும், பழைய செருப்பைக் குட்டி மாதிரி காத்துக்கொண்டு படுத்திருக்கும். அப்போது மடி முழுக்கவே திரளும், ஓரிரு வாரத்தில் வற்றும். ஒற்றைக் கோலிக்குண்டாக ஓர் இடத்தில் நின்று இரண்டு மாதமாக வளர்வது அதனால் அல்ல என்றே தோன்றுகிறது. ஆனாலும் அந்தத் தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"கத்தி வைத்தால் பரவும்" என்பதற்கு வருகிறேன். இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நாய்கள் என்னிடமும் வந்திருக்கின்றன. கட்டி தேங்காய் அளவு ஆகி, தரையில் உரசிப் புண்ணாகி, ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் நுரையீரலுக்குப் போயிருக்கும். நாம் வெட்டி எடுத்து இரண்டு மாதத்தில் நாய் இருமத் தொடங்கும், மூச்சு வாங்கும், செத்துப்போகும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கத்தி வைத்தது தெரியும். நுரையீரலில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது தெரியாது. பழி கத்திக்கு. அதனால்தான் அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறோம். ஒரு படம் போதாது. வலப்பக்கம், இடப்பக்கம், மல்லாக்க என மூன்று கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமாகப் படுக்கும்போது அடியில் அமுங்கும் நுரையீரலில் சின்னப் புள்ளிகள் மறைந்துவிடும்.

கட்டி என்றாலே கத்தி என்பதும் இல்லை. தெருவில் திரியும் நாய்களுக்குப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி வந்து ரத்தம் சொட்டும், பார்த்திருப்பீர்கள். இணை சேரும்போது நாயிலிருந்து நாய்க்கு அந்தப் புற்றுச் செல்லே ஒட்டிக்கொள்ளும். பல ஆயிரம் வருடத்துக்கு முன் ஏதோ ஒரு நாய்க்கு வந்த கட்டி அது. அந்த நாய் செத்தும் அதன் செல் மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வாரம் ஒரு ஊசியாக வின்கிரிஸ்டின் போட்டால் சில வாரத்தில் பெரும்பாலும் கரைந்துபோகும். அந்த மருந்து உங்கள் ஊர் சுடுகாட்டு ஓரம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அரைத்து நாய்க்குப் புகட்டிவிடாதீர்கள். சிரைக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தினாலே சதை அழுகிவிடும் மருந்து அது. செவலைக்கு இருப்பது அந்த வகை அல்ல, மடிக்கட்டிக்கு முதல் வைத்தியம் அறுவைதான்.

மயக்க மருந்து. ஒன்பது வயது நாட்டு நாய்க்கு அது ஒரு வயதே இல்லை. பதிமூன்று வயதில் அறுவை செய்துகொண்டு வீட்டுக்கு நடந்து போன நாட்டு நாய்களை எனக்குத் தெரியும். வயதைவிட ரத்தத்தைப் பாருங்கள். சிறுநீரகம், கல்லீரல் அளவுகளோடு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் கட்டாயம் எண்ணச் சொல்லுங்கள். உண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. நம் ஊரில் உண்ணியால் வரும் எர்லிக்கியா காய்ச்சல் ஏராளம். வெளியே ஒன்றும் தெரியாது, சோறு தின்னும், குரைக்கும், ஆனால் தட்டணு அடிமட்டத்தில் இருக்கும். அப்படியே மேசையில் ஏற்றினால் ரத்தம் நிற்காது. இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை கொடுத்துத் தட்டணுவை ஏற்றிவிட்டுத்தான் அறுவை. அந்தக் காய்ச்சலிலும் நெறி கட்டும் என்பதால், அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி பெருத்திருந்தால் உடனே பரவிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அறுவைக்கு முன்தினம் மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், குறிப்பாகப் பெரியவர்களுக்கு. "பாவம், பட்டினியா போகுதே" என்று விடிகாலையில் பாட்டி ஊட்டிய பன், மயக்கத்தில் வாந்தியாகி மூச்சுக்குழலுக்குள் போய், நாங்கள் திண்டாடிய திண்டாட்டம் இருக்கிறதே! அந்த நாய் பிழைத்தது. பாட்டியிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

எடுத்த கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். பல இடங்களில் அதுதான் நடக்கிறது, உரிமையாளரும் கேட்பதில்லை. திசு கெடாமல் காக்கும் 10 சதவீத பார்மலினில் போட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையில் இரண்டைப் பாருங்கள்: கட்டி என்ன வகை, வெட்டிய விளிம்பு சுத்தமா. விளிம்பில் புற்றுச் செல் இருந்தால் மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டி வரலாம். அதே மயக்கத்தில் கருத்தடையும் செய்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மடிக்கட்டிக்கு அதனால் எவ்வளவு நன்மை என்பதில் எங்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் வயதான பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் அதோடு ஒழியும், அதற்காகவே நான் செய்வேன்.

வீட்டுக்கு வந்ததும் தையலை நக்குவாள். கழுத்தில் கூம்பு மாட்டினால் நாட்டு நாய்கள் சுவரில் முட்டி உடைத்துவிடும். வீட்டுக்காரரின் பழைய பனியன் ஒன்றை, முன்னங்கால் இரண்டையும் கை ஓட்டையில் விட்டு மாட்டி, இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். பருத்தியாக இருக்கட்டும், தினம் மாற்றுங்கள். வலிக்கு மருத்துவர் கொடுத்த மருந்து மட்டும்தான். நமக்கு வாங்கி வைத்திருக்கும் பாராசிட்டமால், டைக்லோபினாக், புரூபன் எதையும் பாதி உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். அப்படிக் கெட்டுப்போன சிறுநீரகத்தோடு வந்த நாய்கள் உண்டு.

நீங்கள் கவனிக்காமல் விட்டீர்களா? சுண்டைக்காய் அளவில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பல வீடுகளில் நாயை வெறும் கண்ணால் பார்ப்பதோடு சரி, கையால் தடவிப் பார்ப்பதில்லை. மடிக்கட்டியை அளவு வைத்துப் பிரிக்கும்போது 3 சென்டிமீட்டருக்குள் இருப்பதுதான் முதல் வகுப்பு, குணமாகும் வாய்ப்பு அதிகமான வகுப்பு. கோலிக்குண்டு அதற்குள் அடங்கும். இரண்டு மாதம் சும்மா இருந்தது தப்புதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னும் இரண்டு மாதம் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

தடவிப் பார்ப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடைசி விலா எலும்பின் முனையைக் கட்டி என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பதிமூன்றாவது விலா முன்பக்கம் எதிலும் சேராமல் நுனி தனியாக நிற்கும், ஒல்லியான நாயில் நன்றாகத் தட்டுப்படும். ஆண் நாய்க்கும் காம்பு உண்டு என்பது தெரியாமல், உண்ணி என்று நினைத்து அதன் மேல் மண்ணெண்ணெய் தடவி, இடுக்கியால் பிடுங்கப் பார்த்துக் கடி வாங்கிக்கொண்டு வந்த பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத் தடுப்பூசி போடச் சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

அக்கா வீட்டுப் பெண்ணைப் பற்றி. 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு, முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்த நாய்களுக்கு மடிக்கட்டி வரும் ஆபத்து, செய்யாதவற்றோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம்தான் என்றது. ஒரு பருவத்துக்குப் பின் செய்தால் 8, இரண்டுக்குப் பின் செய்தால் 26. பிற்கால ஆய்வாளர்கள் அந்த எண்களை அப்படியே நம்ப முடியாது என்கிறார்கள். சீக்கிரம் செய்தால் பாதுகாப்பு அதிகம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவள் வயதை நீங்கள் எழுதவில்லை. வளர்ந்தவள் என்றால், மாதம் ஒரு முறை மல்லாக்கப் படுக்கவைத்து பத்துக் காம்பையும் அக்கா தடவிப் பார்க்கட்டும்.

உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், அங்கே மருத்துவமனையும் இருக்கிறது. இந்த வாரமே கூட்டிப்போங்கள். போவதற்கு முன் ஒரு தாளில் நாயின் உருவத்தைச் சும்மா கோடாக வரைந்து, இரண்டு கட்டியும் எங்கே இருக்கின்றன என்று புள்ளி வையுங்கள். பக்கத்தில் தேதியும், ஸ்கேல் வைத்து அளந்த அளவும் எழுதுங்கள். கோலிக்குண்டு என்று சொன்னால் எந்தக் கோலிக்குண்டு என்று கேட்பார்கள். அடிக்கடி அழுத்திப் பார்க்க வேண்டாம், வாரம் ஒரு முறை அளந்தால் போதும். இதற்கிடையில் கட்டி திடீரென்று பெருத்தாலோ, தோல் வெடித்தாலோ, இருமினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

ஊசி போடும்போது தலையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், அறிமுகமில்லாத கைக்கு நாட்டு நாய் அடங்காது. ராத்திரி முழுக்கக் குரைக்கிறவள் என்கிறீர்கள், வாய்க்கட்டு ஒன்றும் கொண்டுபோங்கள்.